வண்டுக்குப் பின்னால்

பாசிர் கூடாங்,
14.1.2024

அன்புள்ள தம்பி தீபனுக்கு,

அக்கா யோகேஸ்வரி எழுதுவது. நானும் உன் மகள் லோஷினியும் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அங்கே மருந்து கேட்டால் கொடுக்கிறார்களா? நாளை பொங்கல். தொழிற்சாலையில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. விடியும் முன்பே பொங்கிவிட்டு பஸ் ஏற வேண்டும்.

உறைக்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை காலை நம் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒரு வண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பருமன், கறுப்பு, மூக்கில் கொம்பு. நான் விரட்டப் போனேன். லோஷினி விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, போனை வாங்கிப் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள். எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு படம். இருபத்தைந்து மங்கல். தெளிவாக இருந்த ஒன்றைக் கடையில் கொடுத்து பிரின்ட் எடுத்தேன்.

"அத்த, இத அப்பாவுக்குப் போஸ்ட்ல போடுங்க. அப்பாதான தோட்டத்துல வண்டு பிடிச்சாங்க? இது ஆம்பளையா பொம்பளையான்னு கேளுங்க" என்றாள். கேட்டு எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. யாரோடும் சண்டைக்குப் போகாதே.

உன் அக்கா,
யோகேஸ்வரி

*

4.2.2024

அன்பு அக்காவுக்கு,

தீபன் எழுதுவது. நலமாக இருக்கிறேன். முதுகு முன்பைவிடப் பரவாயில்லை. நீ சுகமா?

உன் கடிதம் மூன்று நாளைக்கு முன்தான் கைக்கு வந்தது. இந்தச் சிறையில் தமிழ்க் கடிதத்தைப் படித்துப் பார்க்க ஓர் அதிகாரிதான் இருக்கிறார். அவர் என்னைக் கூப்பிட்டு, "வண்டுன்னா வண்டுதானா? வேற ஏதாச்சும் அர்த்தமா?" என்று கேட்டார். "வண்டுதான் சார், பாப்பா எடுத்த படம்" என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கா" என்று கொடுத்தார்.

உள்ளே வந்த இந்த இரண்டு வருடத்தில் எனக்கு வந்த முதல் படம் இதுதான் அக்கா. பக்கத்துப் பாயில் படுக்கும் மணியம் அண்ணன், "பிள்ள மூஞ்சி இருந்தாலும் பரவால்ல, என்னடா பூச்சியவே பாத்துக்கிட்டு இருக்க?" என்கிறார். அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் பார்த்ததைப் பார்க்கிறேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

லோஷினிக்கு இதைப் படித்துக் காட்டு. பாப்பா, அது பொம்பளை வண்டு. கொம்பு குட்டையாக இருக்கிறது பார். வயிற்றுப் பக்கம், வால் நுனியில் செம்பட்டை முடி தெரிகிறது. ஆம்பளைக்கு அவ்வளவு முடி இருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்ததால்தான் உனக்கு வயிறு தெரிந்தது. அப்பா ரெங்கம் தோட்டத்தில் வேலை செய்தபோது இதை எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குருத்துக்குள்ளிருந்து கம்பிக் கொக்கியால் இழுத்துப் போடுவேன். வெளிச்சம் கண்டால் பறந்து வரும். அடுத்து வந்தால், பிளாஷ் போடாமல் எடு. இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்று, கண்ணாடியில் இருபது சென் காசு ஒன்றை ஒட்டிவைத்து எடு. அப்போதுதான் அது எவ்வளவு பெரியது என்று அப்பாவுக்குத் தெரியும்.

அக்கா, லோஷினி சாப்பிடுகிறாளா? ஸ்கூலில் சினேகிதிகள் இருக்கிறார்களா?

தம்பி,
தீபன்

*

பாசிர் கூடாங்,
25.2.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தில் தனக்கு எழுதிய பகுதியை மட்டும் லோஷினி எழுத்துக் கூட்டித் தானே படித்தாள். அடுத்த வாரமே இன்னொரு வண்டு வந்ததாம். நீ சொன்னபடியே தள்ளி நின்று, காசு ஒட்டி எடுத்திருக்கிறாள். கடையில் பிரின்ட் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்ததைப் பிரிக்காமல் அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். "இதுவும் பொம்பளதான், நானே கண்டுபிடிச்சிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். நன்றாகத் தூங்குகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

22.3.2024

அக்காவுக்கு,

நலம். உனக்கும் அப்படியே வேண்டுகிறேன்.

இரண்டாவது படம் கிடைத்து எட்டு நாள் ஆகிறது. முதல் நாள் வண்டை மட்டும் பார்த்தேன். இரண்டாம் நாள் காசைப் பார்த்தேன். இங்கே பார்க்க வேறெதுவும் இல்லாததால் மூன்றாம் நாள் வண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

உன் வீடு நான்காம் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் துணிக்கொடிகள்தான் தெரியும். இந்தப் படத்தில் கண்ணாடிக்கு வெளியே தரை தெரிகிறது. கறுப்பு மண். வரிசை வரிசையாக அன்னாசி. ஓரத்தில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி. ஜன்னல் சட்டம் மரம். உன் வீட்டில் அலுமினியம்.

மணியம் அண்ணனிடம் காட்டினேன். அவர் பொந்தியான்காரர், அன்னாசி விளையும் பக்கம். "இது பெக்கான் நானாஸ் பக்கம்டா" என்றார்.

நீ அங்கே ஒரு நாள் போய்வந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் நம் சமையலறை ஜன்னல் என்று நீதான் எழுதினாய். இரண்டு படமும் ஒரே ஜன்னல்தான். சட்டத்தின் மூலையில் ஒரே இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது.

என் மகள் எங்கே இருக்கிறாள்?

தீபன்

*

19.4.2024

அக்கா,

நான்கு வாரம் ஆகிவிட்டது. பதில் இல்லை.

அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் ஆகிவிட்டது என்றாவது எழுது. அவளுக்கு மூன்று வயதில் அவள் அம்மாவை டெங்கி கொண்டுபோனது. அப்போதும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "வா, வந்தப்புறம் சொல்றேன்" என்றாய். லாரியை ஓட்டிக்கொண்டு வருகிற வழியெல்லாம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது என்னால் வரவும் முடியாது.

நீ நலமா என்று கேட்க மறந்துவிட்டேன். நலமா?

தீபன்

*

பாசிர் கூடாங்,
12.5.2024

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒன்று. லோஷினி நன்றாக இருக்கிறாள். உயிரோடு, உடல் நலத்தோடு இருக்கிறாள். அதை நம்பி மீதியைப் படி.

நம் பிளாக்குக்கு இரண்டு பிளாக் தள்ளி கிருஷ்ணம்மா என்று ஓர் அம்மா இருக்கிறார். மூர்த்தியின் அம்மா. உன் லாரியில் அடிபட்டு இறந்த அந்தப் பையனின் அம்மா. வழக்கு நடந்தபோது அவர் முகத்தை நீ பார்த்திருப்பாய். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

போன வருடம் லோஷினி முதலாம் ஆண்டு சேர்ந்ததிலிருந்து அவர் பள்ளிக்கூட கேட்டுக்கு வர ஆரம்பித்தார். ஒன்றும் பேசமாட்டார். திட்டமாட்டார். பள்ளி விடும் நேரத்தில் வந்து நின்று இவளைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போவார். நான் இரண்டு முறை கும்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். போலீசில் சொல்லலாம் என்றார்கள் பக்கத்து வீட்டில். பிள்ளையைப் பறிகொடுத்தவர் ரோட்டில் நிற்கிறார் என்று போலீசில் போய் என்ன சொல்வது?

அக்டோபரில் ஒரு நாள் நான் வரத் தாமதமாகிவிட்டது. அவர் லோஷினிக்கு ஒரு கறிபாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு, "உங்கப்பாதாம்மா எம் மகனக் கொன்னவன். நீ என்ன பண்ணுவ, பாவம். சாப்பிடு" என்று சொல்லியிருக்கிறார். நான் போனபோது இவள் கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கடிக்கவும் இல்லை, போடவும் இல்லை. அப்பா தூரத்தில் வேலை செய்கிறார் என்றுதானே நாம் சொல்லிவைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ராத்திரி ஷிப்டுக்குப் போனால் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ராத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் வீடு மாறிப் போய்விட்டாள்.

ரூபினியை நினைவிருக்கிறதா? என்னோடு பேக்கிங்கில் வேலை செய்தவள். கல்யாணமாகிப் பெக்கான் நானாஸ் போனாள். அவள் கணவர் கமலநாதன் சொந்தமாக அன்னாசி போடுகிறார். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை. "லீவுக்குக் கொண்டாந்து விடுங்கக்கா, கொஞ்சம் ஊரு மாறட்டும்" என்றாள். நவம்பரில் விட்டேன். மூன்றாம் நாள் போன் செய்து, "இன்னைக்கு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டா" என்றாள். லீவு முடிந்தது. கூட்டிவர மனம் வரவில்லை. இப்போது அங்கேயே ஸ்கூல் போகிறாள்.

வண்டு வந்த அன்று நான் அங்கே இல்லை. ரூபினி போனில் சொன்னதைத்தான் நானே பார்த்த மாதிரி எழுதினேன். நாற்காலியை இழுத்துப் போட்டதையும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. அவர்கள் இவளைச் சட்டப்படி தத்தெடுக்கக் கேட்கிறார்கள். அதற்கு உன் கையெழுத்து வேண்டும்.

உன் காலில் விழுந்து கேட்கிற மாதிரி நினைத்துக்கொள். என்னை மன்னித்துவிடு.

அக்கா

*

9.6.2024

யோகேஸ்வரி அக்காவுக்கு,

நலம்.

முடியாது.

தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட்டு லாரி ஓட்டியவன் நான். மூர்த்தியைக் கொன்றவன் நான். பத்து வருடம் கொடுத்தார்கள், வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். ஒழுங்காக நடந்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும். இன்னும் நாலரை வருடம். அப்போது லோஷினிக்குப் பன்னிரண்டு. அந்த ஒரு கணக்கை வைத்துத்தான் காலையில் எழுந்திருக்கிறேன். அதற்கும் கை நீட்டுகிறாயா?

தத்துக் கொடுத்தால் பிறப்புப் பத்திரமே மாறும் என்கிறார் மணியம் அண்ணன். லோஷினி த/பெ கமலநாதன். நான் யார் அப்புறம்?

வளர்க்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே வந்ததும் அந்த இரண்டு பேர் காலிலும் விழுந்துவிட்டு என் பிள்ளையைக் கூட்டிப்போகிறேன். இதைச் சொல்.

தீபன்

*

பாசிர் கூடாங்,
21.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் முதுகுக்குத் தைலம் அனுப்பலாமா என்று விசாரித்தேன், விடமாட்டார்களாம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை பெக்கான் நானாஸ் போனேன். கமலநாதன் நல்ல மனிதர். "தகப்பன் சொல்றது நியாயம்தான்" என்றார். ரூபினிதான் அழுதாள். "அஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பிக் குடுத்துருன்னா நான் எப்படிக்கா வளக்கறது? பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் இன்னும் எத்தன நாளுன்னு எண்ணிக்கிட்டே சோறு போடணுமா? என்னால முடியாதுக்கா. அப்படின்னா இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

எங்கே கூட்டிவருவேன்? கிருஷ்ணம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளை கேட்டில் இல்லை என்று தெரிந்தும் அந்த வழியாகத்தான் நடக்கிறார். எனக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரியை யார் எடுக்கிறார்கள்?

நாங்கள் பேசியது லோஷினி காதில் விழுந்திருக்கிறது. என்னிடம் வந்து, "அத்த, அப்பா வந்தா என்னக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?" என்றாள். "ஏம்மா, அப்பாவப் பிடிக்காதா?" என்றேன். "பிடிக்கும். நான் இங்கயே இருந்துக்கிட்டு பிடிக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ரூபினி தேடுகிறாள், பிள்ளையைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இருந்தாள். ஸ்கூல் பை, செருப்பு, தலையணை எல்லாவற்றையும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். நான் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கமலநாதன் தரையில் படுத்து, "அத்த பஸ் ஏறிட்டாங்கம்மா, வா" என்று சொன்னபிறகுதான் வந்தாள். நான் அப்போது வாசல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

இதை உன்னை மிரட்ட எழுதவில்லை. இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்று இருக்கிறேன், அதனால் எழுதினேன். கையெழுத்துப் போடு என்று நான் இனிமேல் கேட்கமாட்டேன்.

அக்கா

*

15.9.2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதிக் கிழித்தேன். மூன்று தாள் போய்விட்டது. ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான் தாள் என்று கணக்கு. பிறகு நானே அதிகாரியிடம் சொல்லி, வக்கீலை வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வக்கீலும், சத்தியப் பத்திரத்தில் சீல் வைக்க ஒருவரும் வந்தார்கள். தத்துக் கொடுக்கும் பாரம் மலாய் மொழியில் இருந்தது. வக்கீல் சின்னப் பெண். "படிச்சுப் பாத்துட்டீங்களா? கட்டாயப்படுத்தி யாரும் கேக்கலயே?" என்றாள். இல்லை என்றேன். "உங்க மனசு மாறினா இப்பவே சொல்லலாம்" என்றாள். சொல்லத்தான் வாய் வந்தது. லோஷினி பெயர் அந்தத் தாளில் ஐந்து இடத்தில் இருந்தது. என் பெயர் இரண்டு இடத்தில். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது கையெழுத்து முதல் கையெழுத்து மாதிரி வரவில்லை. அதனால் மறுபடி போடச் சொன்னார்கள். மூன்று முறை போட்டேன் அக்கா.

கிருஷ்ணம்மாமேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை என் மகளிடம் சொன்னார். நான் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறேன், பிள்ளை கேட்டில் நின்றது. அவ்வளவுதான்.

முதலில் முடியாது என்று எழுதியதை லோஷினிக்குச் சொல்ல வேண்டாம். கேட்டவுடன் அப்பா சரி என்று சொல்லிவிட்டார் என்று சொல்.

தீபன்

*

பாசிர் கூடாங்,
8.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இங்கே ஒரே மழை. பஸ் நிற்கும் இடம்வரை முழங்கால் தண்ணீர். தீபாவளிக்குக் கோயிலுக்குப் போனேன், உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அதிரசம் சுடவில்லை, ஒருத்திக்கு என்ன அதிரசம்? தொழிற்சாலையில் புது மிஷின் வந்திருக்கிறது, பத்துப் பேரை நிறுத்திவிட்டார்கள். என்னை இன்னும் நிறுத்தவில்லை.

கோர்ட்டில் போன மாதம் எல்லாம் முடிந்தது. லோஷினி நன்றாக இருப்பாள். நீ கவலைப்படாதே.

மழைக்காலம், உன் முதுகு பத்திரம். அங்கே போர்வை கொடுக்கிறார்களா?

அக்கா

*

5.1.2025

அன்பு அக்காவுக்கு,

போர்வை கொடுக்கிறார்கள். முதுகு வலி இருக்கிறது, பழகிவிட்டது. மணியம் அண்ணனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள்.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய், மிஷினைப் பற்றி எழுதியிருக்கிறாய். லோஷினியைப் பற்றி ஒரே வரி. "நன்றாக இருப்பாள்" என்று எழுதியிருக்கிறாய். அக்கா, பொய் எழுதிய காலத்தில்கூட நீ "சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்" என்றுதான் எழுதினாய்.

நீயும் அவளைப் பார்ப்பதில்லை, அப்படித்தானே?

இனி மறைப்பதில்லை என்று சொன்னவள் நீ. எழுது. நான் தாங்கிக்கொள்வேன். தாங்கிக்கொள்ளாவிட்டால்தான் என்ன செய்துவிடப் போகிறேன்?

தம்பி,
தீபன்

*

பாசிர் கூடாங்,
26.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். ஒரு வாரமாக இருமல், வேறொன்றுமில்லை.

ஆமாம். பார்ப்பதில்லை.

நவம்பர் கடைசியில், கோர்ட் முடிந்த வாரம் போனேன். அவளுக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு போனேன். சோபாவில் உட்காரச் சொன்னார்கள். எப்போதும் நான் அடுப்படியில்தான் உட்காருவேன். லோஷினி ஒரு தட்டில் தண்ணீர் கிளாஸை வைத்துக் கொண்டுவந்தாள். சிந்தாமல் மெதுவாக நடந்து வந்தாள். வளர்ந்துவிட்டாள், முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. "குடிங்க ஆண்ட்டி" என்றாள். நான் ரூபினியைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்தாள். கவுனைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தேங்க்யூ ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனாள். அத்தை என்ற சொல் அவள் வாயில் ஒருமுறைகூட வரவில்லை.

கிளம்பும்போது ரூபினி கேட்வரை வந்தாள். "நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு மூணு நாளைக்குப் படுக்கைய நனைக்கிறாக்கா. பழைய நெனப்பு வந்துருது போல. கொஞ்ச நாளைக்கு வராதீங்க, தப்பா எடுத்துக்காதீங்க லா" என்றாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கமலநாதன் வண்டியில் கொண்டுபோய் பஸ் நிலையத்தில் விட்டார். வழியெல்லாம் அன்னாசி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

கேட்டவுடன் நீ சரி என்றதாக அவளிடம் சொல்லச் சொன்னாய். சொல்ல இடம் கிடைக்கவில்லை. அதையும் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

நமக்குப் பின்னால் யாரும் இல்லை தம்பி. நீ அங்கே, நான் இங்கே. உனக்கு அனுப்பப் படமோ செய்தியோ இனி என்னிடம் இல்லை. அதனால் நானே வருகிறேன். பிப்ரவரி இருபத்திரண்டு, சனிக்கிழமை, பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினால் காலையில் அங்கே இருப்பேன். முக்கால் மணி நேரம் கொடுப்பார்களாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனில் பேச வேண்டுமாம். அவ்வளவு நேரம் நாம் எதைப் பேசுவோம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று முகச்சவரம் செய்துகொண்டு வா.

உன் அக்கா,
யோகேஸ்வரி